பில்லிகுண்டுலு சொல்லாத வறட்சி

காவிரிப் பகுதியில் வறட்சி எவ்வளவு கடுமை என்று கேட்டால், அரசும் நீதிமன்றமும் முதலில் பில்லிகுண்டுலுவின் கணக்கைத்தான் புரட்டுகின்றன. கர்நாடக எல்லையை ஒட்டி மத்திய நீர்வள ஆணையம் ஆற்றின் ஓட்டத்தை அளக்கும் இடம் அது.

ஆற்றை அளப்பதில் நியாயம் உண்டு. மழைமானி தான் நிற்கும் இடத்து மழையை மட்டுமே சொல்லும். ஆறோ குடகு தொடங்கி மேல்படுகை முழுக்கப் பெய்ததில் மண் குடித்ததும் ஆவியானதும் போக மிஞ்சியதைக் காட்டும். பல பத்தாண்டுப் பதிவு கையில் இருந்தால், இந்த ஆண்டின் வறட்சியைப் பழைய வறட்சிகளோடு வரிசைப்படுத்திவிடலாம். இந்த வசதி வேறு எந்த ஒற்றை அளவிலும் இல்லை.

ஆனால் பில்லிகுண்டுலுவுக்கு மேலே கிருஷ்ணராஜசாகர், கபினி, ஹேமாவதி, ஹாரங்கி அணைகள் நிற்கின்றன. அங்கே ஓடிவருவது மழையின் கணக்கு மட்டுமல்ல, மதகைத் திறந்தவர்களின் முடிவும்தான். நல்ல மழையிலும் ஓட்டம் குறையலாம். எனவே பற்றாக்குறையைக் கணிக்க அந்த நான்கு அணைகளின் நீர்வரத்தை 30 ஆண்டுச் சராசரியோடு ஒப்பிடுவதே சரி. அதிலும் ஒரு பள்ளம் உண்டு: வறண்ட ஆண்டுகள் அடுத்தடுத்து வந்தால் சராசரியே இறங்கிவிடும், அடுத்த வறட்சி லேசாகத் தெரியும்.

ஆண்டுக் கூட்டுத்தொகை இன்னும் மோசமாக ஏமாற்றும். காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த 2018 தீர்ப்பின்படி தமிழகத்துக்கு 177.25 டிஎம்சி, அதில் செப்டம்பருக்கு மட்டும் 36.76. நாற்றுக்குத் தேவையான மாதத்தில் வராத நீர், பிறகு வெள்ளமாக வந்தாலும் ஏட்டில் வரவாகிவிடும். அதே 2018 ஆகஸ்டில் கொள்ளிடத்தில் வெள்ளம் கரைபுரண்டு கடலுக்குப் போனது. முக்கொம்பில் மதகுகளே உடைந்தன. அப்போதும் தண்ணீர் எட்டவில்லை என்று கடைமடை விவசாயிகள் போராடினார்கள்.

2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. சம்பாப் பயிர் வானத்தையும் நம்பி நிற்கிறது. எல்லையில் அளக்கும் ஓட்டம் அந்த மழையைப் பார்ப்பதே இல்லை. போர்வெல் வைத்திருப்பவருக்கும் இல்லாதவருக்கும் உள்ள தூரத்தையும் பார்ப்பதில்லை.

ஆற்றுப் பதிவை முதல் சாட்சியாக வைத்துக்கொள்வோம், ஒரே சாட்சியாக வேண்டாம். மேட்டூர் நீர்மட்டம் தினமும் நாளிதழில் வருகிறது. கடைமடை வாய்க்கால்களில் ஓடும் நீரையும் அதேபோல் தினமும் அளந்து அரசு வெளியிட வேண்டும்.