ஒரு வாரம் பள்ளிக்கு வராதே

2022 மே மாதம் தமிழ்நாடு சட்டப்பேரவையில் பள்ளிக்கல்வி அமைச்சர் அன்பில் மகேஸ் பொய்யாமொழி ஓர் எச்சரிக்கை விடுத்தார். ஒழுங்கீனமாக நடக்கும் மாணவர்கள் டி.சி. கொடுத்து அனுப்பப்படுவார்கள், காரணமும் சான்றிதழில் குறிக்கப்படும் என்றார். மாணவர்கள் மேசையை உடைப்பதும் ஆசிரியரை மிரட்டுவதுமான வீடியோக்கள் கைப்பேசிகளில் சுற்றிக்கொண்டிருந்த நேரம் அது. அந்த அறிவிப்பு பல ஆசிரியர்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அந்த ஆறுதலை நான் லேசாக ஒதுக்க மாட்டேன்.

ஐம்பது பேர் உள்ள வகுப்பில் ஒருவன் கத்தியோடு வந்தால், மற்ற நாற்பத்தொன்பது பேரும் பயமில்லாமல் படிப்பதற்கு வழி செய்தாக வேண்டும். கல்வி உரிமைச் சட்டம் பிரம்பை எடுக்கக்கூடாது என்றது, சரியாகத்தான் சொன்னது. ஆனால் பிரம்பின் இடத்தில் வேறெதையும் ஆசிரியர் கையில் யாரும் கொடுக்கவில்லை. மிச்சமிருப்பது சஸ்பெண்ட் ஒன்றுதான். ஆபத்து வரும்போது இருவரைப் பிரித்து வைக்கவும், கோபம் ஆறும்வரை அவகாசம் தரவும் அது உதவும். அந்த அளவில் அதை ஆதரிக்கிறேன்.

பையன் அதனால் திருந்துகிறானா என்பது வேறு கேள்வி. ஒன்பதாம் வகுப்புக்கு வந்தும் பாடப்புத்தகத்தின் ஒரு பத்தியைத் தடுமாறாமல் வாசிக்க முடியாத பையனை எண்ணிப் பாருங்கள். அவனுக்கு வகுப்பில் உட்கார்ந்திருப்பதுதான் தண்டனை. வாசிக்கச் சொல்லும்போது எதையாவது பேசி ஆசிரியரைச் சீண்டினால் வெளியே போகலாம் என்று அவன் கற்றுக்கொள்கிறான். பள்ளியும் அதை உறுதிசெய்து ஒரு வாரம் விடுமுறை தருகிறது. அடிபடுவது அம்மா. அன்றைய கூலியை விட்டுவிட்டு, தலைமையாசிரியர் அறை வாசலில் காத்து நின்று, மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போடுகிறாள். பையன் திரும்பி வரும்போது கணக்கில் இன்னும் ஒரு பாடம் பின்தங்கியிருக்கிறான். சீண்டுவதற்குக் காரணம் கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை.

இதை ஊகம் என்று தள்ளிவிட முடியாது. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் சார்லட் நகரப் பள்ளிகளின் எல்லைகள் 2002இல் மாற்றி வரையப்பட்டன. புதிய கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்த பிள்ளை ஒரு பள்ளிக்கும், அந்தப் பக்கம் இருந்த பிள்ளை வேறொரு பள்ளிக்கும் போக நேர்ந்தது. பேச்சர்-ஹிக்ஸ், பில்லிங்ஸ், டெமிங் ஆகிய மூன்று ஆய்வாளர்களும் அந்தப் பிள்ளைகளைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். அதிகமாக சஸ்பெண்ட் செய்யும் நடுநிலைப் பள்ளிக்குப் போனவர்கள், பெரியவர்களான பின் கைதாகிச் சிறை செல்லும் வாய்ப்பு 15 முதல் 20 சதவீதம் கூடியிருந்தது. சிறுபான்மை இன ஆண்பிள்ளைகளுக்குப் பாதிப்பு இன்னும் அதிகம். கெட்ட பையன்கள்தானே சஸ்பெண்ட் ஆகிறார்கள், அவர்கள் கெட்டுப்போனதில் என்ன வியப்பு என்ற வழக்கமான பதில் இங்கே செல்லாது. எந்தப் பள்ளி என்பதை முடிவு செய்தது வரைபடத்தில் இழுத்த கோடுதான்.

அப்படியானால் சஸ்பெண்டை நிறுத்திவிட்டால் போதுமா? போதாது. அதே அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் 44 பள்ளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதியில், தவறு செய்தவனையும் பாதிக்கப்பட்டவனையும் உட்காரவைத்துப் பேசும் முறையைக் கொண்டுவந்தார்கள். இரண்டு ஆண்டுகளில் சஸ்பெண்ட் நாட்கள் குறைந்தன. பள்ளிச் சூழல் மேம்பட்டதாக ஆசிரியர்களே சொன்னார்கள். ஆனால் 6 முதல் 8ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளின் மதிப்பெண் சரிந்தது. தண்டனையை நீக்குபவர்கள் இந்தச் சரிவுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

நம் நிலைமையில் என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. 8ஆம் வகுப்பு முடிக்கும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு நீக்கக்கூடாது என்கிறது கல்வி உரிமைச் சட்டம். ஆக, டி.சி. மிரட்டல் முழுவதும் 9 முதல் 12ஆம் வகுப்பு வரையுள்ளவர்கள் மேல் விழுகிறது. பொதுத்தேர்வுத் தேர்ச்சி விகிதத்தை வைத்துப் பள்ளியை மதிப்பிடும் வகுப்புகளும் அவற்றில்தான் வருகின்றன. தேறமாட்டான் என்று தோன்றும் பையனை ஒழுக்கத்தின் பெயரால் அனுப்பிவிட்டால் சதவீதமும் காப்பாற்றப்படும். இந்த ஆசையிலிருந்து பள்ளியைத் தடுக்க எழுத்துப் பதிவு வேண்டும். "ஒரு வாரம் வராதே" என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்பாமல், காரணம், நாள், பையன் தரப்பு விளக்கம், விட்டுப்போன பாடத்தை நடத்தப்போகும் ஆசிரியரின் பெயர் எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுத வேண்டும். கடைசிக் கட்டம் நிரப்பப்படாத எந்த சஸ்பெண்டிலும் தலைமையாசிரியர் கையெழுத்துப் போடக்கூடாது.