மெல்லிய கோட்டின் நிறம்

திருப்பதி மாவட்டத்துப் புத்தூர் பஜாரில் புடவைக் கடைகளைவிட மேட்சிங் சென்டர்களில்தான் எனக்கு நேரம் போவது தெரியாது. புடவைக் கடையில் உழைப்பெல்லாம் கடைக்காரருடையது. அவர் விரிப்பார், நாம் உட்கார்ந்து உதட்டைப் பிதுக்கலாம். மேட்சிங் சென்டரில் அது நடக்காது. குறுகலான கடை, மூன்று சுவரிலும் தரையிலிருந்து உத்தரம்வரை ரூபியா மடிப்புகள். பச்சை என்று சும்மா ஒரு நிறம் அங்கே கிடையாது. கிளிப்பச்சை, ராமர் பச்சை, பாட்டில் பச்சை, மெஹந்திப் பச்சை என்று வரிசையாக நிற்கும். அத்தனைக்கும் நடுவில் ஒரு புடவைக்கு ஒரு ஜாக்கெட் துணி எடுப்பது சின்னக் காரியம்போலத் தெரியும். நன்றாக எடுத்தவர்களைப் பார்த்தால்தான் அதில் எவ்வளவு ரசனை இருக்கிறது என்பது விளங்கும்.

கட்டைப்பையிலிருந்து புடவையை எடுத்துப் போட்டதும் கடைப்பையன் முதலில் உருவுவது பாடி கலர். "அச்சு அசல் அதே கலர் அக்கா" என்பான். பெரும்பாலோர் அதோடு திருப்தியாகிவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. உடலும் ஜாக்கெட்டும் ஒரே நிறமானால் தோளிலிருந்து கணுக்கால்வரை ஒரே பரப்பு. மடிப்பு எங்கே, முந்தானை எங்கே என்று கண்ணுக்குப் பிடிபடாது. அடுத்து அவன் காட்டுவது பார்டர் கலர். அதில் தப்பு வராது. ஆனால் தப்பு வராததைத் தவிர வேறு சிறப்பும் இல்லை.

எடுக்க வேண்டிய நிறம் பெரும்பாலும் புடவையிலேயே மிகக் குறைவாக இருப்பது. அரக்கு உடல், பச்சைக் கரை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவே கடுகு மஞ்சளில் ஊசிக்கோடு ஒன்று ஓடும். கட்டுகிறவருக்கே அது தெரியாது. அந்தக் கடுகு மஞ்சளில் ஜாக்கெட் தைத்துப் போட்டுப் பாருங்கள். தோளில் பார்த்த மஞ்சளைக் கண் தேடிக்கொண்டு கீழே போகும், கரையோரத்தில் அந்தக் கோட்டைக் கண்டுபிடிக்கும். நெசவாளர் தறியில் போட்டது அப்போதுதான் வெளியே வருகிறது.

ஸ்காட்லாந்தில் கில்ட் என்னும் கட்டம்போட்ட பாவாடை கட்டும் ஆண்களுக்கும் இதே பாடுதான். அவர்களுக்கு ஜாக்கெட்டுக்குப் பதில் முழங்கால்வரை ஏறும் கம்பளிச் சாக்ஸ். முழுமையான கில்ட் ஒன்றுக்கு ஒற்றை அகலத் துணியில் எட்டு கெஜம் பிடிக்கும் என்பது அங்கே கணக்கு. நம் ஆறு கெஜத்துக்கும் மடிசார் ஒன்பது கெஜத்துக்கும் நடுவே நிற்கிற அளவு, அதையும் கொசுவம் வைத்துத்தான் கட்டுகிறார்கள்! அவர்களிலும் ரசனை உள்ளவர் டார்ட்டன் என்னும் அந்தக் கட்டத் துணியின் பெரிய நிறத்தை எடுப்பதில்லை. பச்சைக்கும் நீலத்துக்கும் ஊடே ஒரு நூலாக ஓடும் மஞ்சளையோ ஒயின் சிவப்பையோ சாக்ஸுக்கு எடுக்கிறார். வாடகைக்குக் கல்யாண உடை கொடுக்கும் கடைகள் மட்டும் எல்லா டார்ட்டனுக்கும் ஒரே க்ரீம் நிறச் சாக்ஸை நீட்டிவிடும். நம் ஊரில் அதற்கு இணை, தங்க நிற ரெடிமேட் ஜாக்கெட். "எல்லாப் பட்டுக்கும் போகும்" என்று விற்கிறார்கள். எல்லாவற்றுக்கும் போகிற ஒன்று எதோடும் ஒட்டி நிற்பதில்லை. கல்யாண மண்டபத்தில் முதல் வரிசை முழுவதும் தங்க ஜாக்கெட்டாக உட்கார்ந்திருந்தால் எனக்குப் பந்திக்குப் போகவே மனம் வருவதில்லை.

புடவையில் மெல்லிய கோடே இல்லாவிட்டால்? அதற்கும் அந்தக் கில்ட்டுக்காரர்களிடம் ஒரு வழி இருக்கிறது. பிளாக் வாட்ச் படைப்பிரிவின் டார்ட்டன் கரும்பச்சை, கருநீலம், கறுப்பு மூன்றும் கலந்தது. சிவப்பு மருந்துக்கும் கிடையாது. ஆனால் அந்தப் படையினர் அதோடு போட்டுவந்த சாக்ஸ் சிவப்பும் கறுப்பும் கட்டமிட்டது, அதன் மடிப்பிலிருந்து தொங்கும் பட்டிகளும் சிவப்பு. இருண்ட துணிக்கு வெளியிலிருந்து ஒரு நிறத்தைக் கொண்டுவந்து ஏற்றிவிட்டார்கள். ஒரே நிறத்தில் அடர்ந்த புடவைக்கு நானும் அதைத்தான் சொல்வேன். பாட்டில் பச்சைக்குக் குங்குமச் சிவப்பு, கருநீலத்துக்கு மாம்பழ மஞ்சள். அரைகுறையாகப் பக்கத்து நிறம் ஒன்றை எடுப்பதைவிட, துணிந்து தூரத்து நிறத்துக்குப் போவது மேல்.

பட்டுக்கு இந்த வட்டாரத்தில் திருத்தணி வழியாகக் காஞ்சிபுரம் போவதுதான் வழக்கம். பக்கத்து நாராயணவனத்தில்தான் பத்மாவதிக்கும் ஸ்ரீநிவாசருக்கும் கல்யாணம் நடந்தது என்பது ஐதீகம். அந்த நினைப்போ என்னவோ, எங்கள் பக்கத்தில் கல்யாணப் பட்டு என்றால் பேச்சு மாதக்கணக்கில் ஓடும். கோர்வைப் பட்டில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறொன்று. மூன்று நாடா ஓட்டி இரண்டையும் கோத்து நெய்கிறார்கள். அந்த நெசவாளரைவிட நிறச் சேர்மானம் தெரிந்தவர் யார்? ஐந்தரை மீட்டர் புடவையோடு எண்பது சென்டிமீட்டர் ஜாக்கெட் துணியையும் அவரே சேர்த்து நெய்து தந்துவிடுகிறார். அதைக் கண்ணை மூடிக்கொண்டு தைக்கலாம். கை முழங்கைவரை வேண்டுமென்றாலோ, உடம்பு கொஞ்சம் பூசினாற்போல இருந்தாலோ எண்பது போதாது. அப்போது மறுபடி மேட்சிங் சென்டர்தான்.

காஞ்சிபுரம் முத்துச் செட்டியார் எம்.எஸ். சுப்புலட்சுமிக்காக உண்டாக்கிய அந்த நீலத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதே நீலத்தில் ரூபியா தேடுகிறவர்களைப் பார்த்தால் தடுக்கத் தோன்றும். பட்டு வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், பருத்தி குடித்துவிடும். அசலாக அதே நீலம் கிடைத்தாலும் பட்டின் பக்கத்தில் வெளுத்த சீருடைபோலத்தான் நிற்கும். வேண்டுமானால் ஒரு பிடி கூடுதலாக இருண்ட நிறம் எடுக்கலாம். அதைவிட, நீலத்தை விட்டுவிட்டு அரக்குக்குப் போய்விடுவது நல்லது. மயில்கழுத்து விஷயம் இன்னும் கஷ்டம். பாவில் நீலமும் ஊடையில் பச்சையும் ஓடுவதால் ஒவ்வொரு அசைவுக்கும் நிறம் மாறும். எந்த நிமிஷத்து நிறத்துக்கு மேட்சிங் எடுப்பது? நீலம், பச்சை இரண்டையும் தொடாமல் வாடாமல்லி எடுப்பது என் கட்சி.

பருத்திக்கு வந்தால் இந்த மாவட்டத்துக்கு இரட்டை அதிர்ஷ்டம். வெங்கடகிரியும் ஸ்ரீகாளஹஸ்தியும் இரண்டுமே இப்போது திருப்பதி மாவட்டத்தில். வெங்கடகிரிப் புடவை நூறாம் நம்பர் நூலில் நெய்தது, வெயில் காலத்துக்கென்றே பிறந்தது. ஆனால் அவ்வளவு மெல்லிய துணிக்கு அடியில் இருக்கும் உள்பாவாடையும் சேர்ந்துதான் நிறம் தரும். இளம் ரோஜாவுக்கு அடியில் பளீர் வெள்ளைப் பாவாடை கட்டினால் புடவை சோகை பிடித்ததுபோல ஆகிவிடும். அதே ரோஜாவில் ஒரு பிடி அடர்ந்த பாவாடை கட்டினால் துணிக்கு உயிர் வரும். ஜாக்கெட்டுக்கு ஒரு மணி நேரம் அலசிவிட்டு, பாவாடையைக் கையில் கிடைத்ததாக எடுத்துக் கட்டுகிறவர்களை என்ன சொல்வது!

காளஹஸ்திக் கலம்காரியை நான் ஜாக்கெட்டுக்காகவே வாங்குவேன். கடுக்காயும் பாலும் ஊட்டிய துணியில் மூங்கில் பேனாவால் கோடு இழுக்கிறார்கள். துரு ஏறிய இரும்பையும் வெல்லத்தையும் ஊறவைத்த கஷாயத்தில் கறுப்பு, படிகாரம் பூசிய இடத்தில் சிவப்பு, அவுரியில் நீலம். இந்தக் கைத்தொழில் நசிந்து வந்த காலத்தில் கமலாதேவி சட்டோபாத்யாய முன்னின்று காளஹஸ்தியில் பயிற்சிக்கு வழி செய்தார். அங்கே தொழில் கற்ற ஜொன்னலகட்ட குரப்பச் செட்டிக்கு 2008இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இயற்கைச் சாயத்தில் எந்த நிறமும் கூச்சல் போடாது. அதனால் கலம்காரி ஜாக்கெட் எந்தக் கைத்தறிப் புடவையோடும் சண்டைக்குப் போகாமல் உட்காரும். தங்க ஜாக்கெட்டைத் திட்டிவிட்டு இதைப் புகழ்கிறாயே என்று கேட்கலாம். கலம்காரியில் நாலைந்து நிறம் இருக்கிறது, புடவைக்குத் தகுந்தபடி அதில் ஒன்று முன்னால் வந்து நிற்கிறது. தங்கத்துக்கு அந்த வித்தை தெரியாது. ரேயானில் ஸ்க்ரீன் பிரிண்ட் அடித்துக் கலம்காரி என்று விற்பதும் நிறைய. கோட்டைக் கவனியுங்கள். கையால் இழுத்த கோடு ஓரிடத்தில் தடித்து இன்னோரிடத்தில் இளைக்கும்.

எங்கள் ஊர் வெயிலை மறந்து எடுத்த தேர்வும் தேர்வல்ல. அக்னி நட்சத்திரத்தில் முகூர்த்தம் என்றால் வெளிர் நீலமும் சாம்பலும் வேண்டாம். தாலி கட்டுவதற்குள் அக்குளில் வேர்வை வட்டம் விழுந்துவிடும். மெரூன், கரும்பச்சை, காப்பிக்கொட்டை நிறங்கள் அதை மறைக்கும். லைனிங் துணியைத் தண்ணீரில் நனைத்து உலர்த்திய பிறகே தைக்கக் கொடுங்கள். இல்லாவிட்டால் முதல் தோய்ச்சலில் லைனிங் சுருங்கி, பார்த்துப் பார்த்து எடுத்த துணி சுருக்கம் சுருக்கமாக எழும்பும். ஃபால்ஸ் மட்டும் கேள்வியே இல்லாமல் கரை நிறம்.

கடையின் குழல்விளக்கில் கச்சிதமாகச் சேரும் இரண்டு துணி வாசலுக்கு வந்ததும் பிரிந்துபோகும். இரண்டும் வெவ்வேறு சாயம். ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரிகிறவை இன்னொன்றில் தெரியாது. அதனால் துணியையும் புடவையையும் எடுத்துக்கொண்டு படியிறங்குவதற்குச் சங்கடப்படக் கூடாது; நல்ல கடைக்காரர் தானே "வெளியே வந்து பாருங்கம்மா" என்பார். சாயங்கால முகூர்த்தத்துக்கு எடுக்கும்போது உள்ளேயும் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம், மண்டபத்தில் இருக்கப்போவது விளக்குதானே. இப்போது புதிதாக ஒரு பழக்கம் வந்திருக்கிறது: சென்னையில் இருக்கும் மகள் புடவையைப் போட்டோ எடுத்து அனுப்புகிறாள், அம்மா போனைக் கடைப்பையனிடம் நீட்டுகிறாள். போன் கேமரா அரக்கைச் சிவப்பாக்கும், வாடாமல்லியை நீலமாக்கும். அந்த மகளிடம் முந்தானைக் குஞ்சத்திலிருந்து நாலு நூலைக் கத்தரித்து, வெள்ளைத் தாளில் ஒட்டித் தபாலில் அனுப்பச் சொல்லுங்கள். பாவு நிறம் அதில் கிடைத்துவிடும். கரையில் ஓடும் ஊசிக்கோடு என்ன நிறம் என்பதை மட்டும் அவள் பகல் வெளிச்சத்தில் பார்த்து, போனில் வாயால் சொன்னால் போதும்.