செத்தவருக்கு என்ன அவசரம்?

சென்னையிலிருந்து திருச்சிக்கு ராத்திரி பஸ்ஸில் போயிருப்பீர்கள். பெரம்பலூர் தாண்டும்போது தூங்கியும் இருப்பீர்கள். அந்த நெடுஞ்சாலையில் ஒரு விபத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். 108 வருகிறது. உயிர் இருந்தால் அள்ளிப் போட்டுக்கொண்டு பறக்கிறது. 2008-லிருந்து அது செய்துவருவது பெரிய காரியம்.

உயிர் இல்லையென்றால்?

அப்போதுதான் லோக்கல் ஸ்டேஷன் எஸ்.ஐ.யின் வேலை ஆரம்பம். கூடவே ஒரு கான்ஸ்டபிள். பிரேத விசாரணை! பழைய சட்டத்தில் 174-வது பிரிவு; 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தில் 194. அக்கம்பக்கத்தில் மதிப்பான இரண்டு பேரையாவது கூட வைத்துக்கொண்டு, உடம்பில் எங்கே என்ன காயம், எதனால் என்று எழுத வேண்டும். எழுதும்போதே, இறந்தவரின் சட்டைப் பையில் செல்போன் அடிக்கும். திரையில் 'அம்மா' என்று வரும். எடுத்துப் பேச வேண்டியவரும் அதே கான்ஸ்டபிள்தான்.

ஆபத்தில் முதலில் ஓடி வருகிறவர்கள் என்று நாம் கைதட்டும் பட்டியலில் தீயணைப்பு வீரர் உண்டு, 108 ஊழியர் உண்டு. போலீஸும் உண்டு, ஆனால் உடலைப் புரட்டிப் பார்த்த அந்த ஒரு மணி நேரத்துக்காக அல்ல. சவக்கிடங்கு ஊழியரை யாருக்கும் ஞாபகமே வராது.

அரியலூருக்கு இது புதிதில்லை. 1956 நவம்பர் 23 விடியற்காலை, மருதையாற்றில் வெள்ளம். தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் கவிழ்ந்தது. 140-க்கும் மேற்பட்டோர் பலி. ரயில்வே அமைச்சர் லால்பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்ததை இன்றும் மேடைக்கு மேடை சொல்கிறோம். சொல்ல வேண்டியதுதான். ஆனால் உடல்களைக் கரையேற்றி, வரிசையாகக் கிடத்தி, 'இது யார் பெற்ற பிள்ளை?' என்று தேடியவர்கள்? ஒரு பெயராவது நம் நினைவில் இருக்கிறதா? 2023 அக்டோபரில் அதே மாவட்டத்து விரகாலூரில் பட்டாசு ஆலை வெடித்தபோதும், யார் யார் என்று பிரித்துச் சொல்லும் கொடுமையான வேலை யாரோ சிலர் தலையில்தான் விழுந்தது.

"செத்தவருக்கு என்ன சார் அவசரம்?" என்பீர்கள். அவசரம் அவருக்கு இல்லை, வீட்டில் இருப்பவர்களுக்கு. நான் காமர்ஸ் படித்தவன்; எனக்குக் கணக்குதான் புரியும். அந்த அறிக்கையில் ஒரு வரி பிசகினால் இன்ஷூரன்ஸ் இழுபறி, நஷ்டஈடு இழுபறி. கொலைகூட விபத்து என்று எழுதப்பட்டுவிடலாம். நியூயார்க்கில் 2001 செப்டம்பர் 11-ல் இறந்தவர்களை அடையாளம் காணும் வேலை இருபது வருஷம் தாண்டியும் ஓயவில்லை. ஒரு பெயரைத் திருப்பிக் கொடுப்பது அவ்வளவு முக்கியம்.

எனவே, இவர்களையும் பட்டியலில் சேருங்கள். வெறும் சால்வை போதாது. முறையான பயிற்சி, நல்ல கையுறை, மனசு விட்டுப் பேச ஓர் ஆலோசகர்... இதெல்லாம் சலுகை இல்லை, வேலைக்கான கருவி.

அடுத்த தடவை பெரம்பலூர் தாண்டும்போது, சாலையோரம் குனிந்து எழுதிக்கொண்டிருக்கும் காக்கிச்சட்டையைப் பார்த்தால், டிரைவரிடம் 'சீக்கிரம் போப்பா' என்று சொல்லாதீர்கள். அந்த போனை அவர் இன்னும் எடுக்காமல்கூட இருக்கலாம்.