குலத்துணியும் கதாசிரியனும்

ஸ்காட்லாந்தில் குலத்துக்கு ஒரு கட்டத்துணி உண்டு, ஆதிகாலம் முதல் அந்தந்தக் குலத்தார் அதையே உடுத்தி வந்தார்கள் என்று பலர் நம்புகிறார்கள். கட்டம் போட்ட கம்பளி அங்கே பழமையானதுதான். ஆனால் இந்தக் கட்டம் இந்தக் குலத்துக்கு என்ற பட்டியல் பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஏற்பாடு. அதில் ஒரு நாவலாசிரியருக்குப் பங்கு உண்டு என்பதால்தான் எனக்கு இந்த விஷயத்தில் அக்கறை.

1745-இல் எழுந்த கலகம் அடங்கியதும், ஆண்கள் மலைநாட்டு உடை உடுத்தக் கூடாது என்று 1746-இல் சட்டம் வந்தது. 1782-இல்தான் அது நீங்கியது. 1822-இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது, 'வேவர்லி' எழுதிய வால்டர் ஸ்காட் வரவேற்பை முன்நின்று நடத்தினார். குலத் தலைவர்கள் கட்டத்துணி உடுத்தி வந்தார்கள். பானக்பர்ன் ஊர் வில்சன் கம்பெனிக்கு நல்ல வியாபாரம். எண்ணால் விற்ற மாதிரிகளுக்கெல்லாம் குலப் பெயர் ஏறியது. ஒரு மாதிரிக்கு முதலில் வெறும் எண். பிறகு, மேற்கிந்தியத் தீவுகளில் தம் அடிமைகளுக்கு உடுத்த மொத்தமாக வாங்கியவரின் பெயர். கடைசியில் மாக்பெர்ஸன் குலத்தின் பெயர். சரித்திராசிரியர் ட்ரெவர்-ரோப்பர் 1983-இல் இதை எடுத்துக் காட்டினார். 1842-இல் இரு சகோதரர்கள், பழைய ஏட்டைப் பார்த்து எழுதியது என்று வெளியிட்ட கட்டத்துணிப் புத்தகமும் போலியே.

இந்த ஆரவாரத்துக்கு வெளியே, கறுப்பும் வெள்ளையுமான சிறு கட்டம் ஒன்று உண்டு. எல்லைப்புறத்து இடையர்கள் போர்த்தியது. கறுப்பு ஆட்டின் மயிர், வெள்ளை ஆட்டின் மயிர், சாயம்கூட வேண்டாம். குளிருக்குப் போர்த்தியது என்பதற்கு மேல் அதற்கு வம்ச சரித்திரம் தேவைப்படவில்லை.

நம் கொங்கு நாட்டிலும் கூட்டங்கள் உண்டு. காணியும் குலதெய்வமும் உண்டு. ஆனால் துணியைப் பார்த்துக் கூட்டம் சொல்லும் வழக்கம் இல்லை. நம் வீடுகளில் விரிக்கிற பவானி ஜமக்காளத்தின் பட்டைக் கோடுகள் எந்தக் கூட்டத்துக்கும் சொந்தமல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சீமை மில் துணி வந்து பிழைப்பைக் கெடுத்தபோது, அங்கிருந்த ஜங்கமர்கள் முரட்டு வண்ண நூலில் நெய்யத் தொடங்கியது அது. 2005-06-இல் புவிசார் குறியீடு பெற்றது. தறிக்காரன் வயிற்றுப்பாட்டில் பிறந்த சரக்கு என்று சொல்வதால் அதன் கௌரவம் குறையாது. நாளைக்கு எவராவது அதற்கு ராஜ வம்சக் கதை ஒன்று கட்டிவிட்டால், மில்லை எதிர்த்து நின்றவர்களின் கதைதான் மறைந்து போகும்.

ஸ்காட்டிடம் என் குறை இதுதான். 'வேவர்லி'யில் தோற்றுப்போன மனிதர்களைக் காட்டினார். அது நாவலாசிரியன் வேலை. 1822-இல் அவர்களின் உடுப்பை மட்டும் மேடைக்குக் கொண்டுவந்தார். அந்தக் காலத்தில்தான் சதர்லாந்தில் குடியானவர்களை வெளியேற்றி, ஆட்டுப் பண்ணைகளுக்கு நிலத்தை ஒழித்துக் கொடுத்தார்கள். உடுப்புக்கு மரியாதை, உடுத்தியவனுக்கு நிலம் இல்லை!

நம் ஆர். சண்முகசுந்தரம் 1942-இல் வெளியிட்ட 'நாகம்மாள்' நாவலில், கணவனை இழந்தவள் நிலத்தில் பங்கு கேட்கிறாள். கொங்கு மண்ணைக் காட்ட ஆசிரியர் வேஷம் எதையும் ஜோடிக்கவில்லை. பேச்சும் வழக்குமே போதுமாயின. மண்வாசனை என்ற பெயரில் இப்போது எழுதுகிறவர்கள் இந்த இரண்டு வழிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.