எந்த மலையின் ஒலி?

அகநானூற்றில் கபிலர் பாடிய 82ஆம் பாட்டில் ஒரு மலைச்சாரலே இசையரங்காகிறது. வண்டு துளைத்த மூங்கிலில் புகுந்த காற்று குழலாகிறது, அருவி முழவாகிறது, கலைமான்களின் கடுங்குரல் தூம்பாகிறது, வண்டின் ரீங்காரம் யாழாகிறது. தொல்காப்பியமும் புள்ளையும் பறையையும் யாழையும் கருப்பொருள் என்ற ஒரே வரிசையில் வைத்தது. இயற்கை ஒலிகளைப் பதிந்து அவற்றிலேயே இசை படைக்கும் இன்றைய கலையை அளக்க இதைவிட நல்ல கோல் எனக்குத் தெரியவில்லை. கேட்கும் ஒலி எந்த மலையைச் சேர்ந்தது என்பதும் அதில் கேட்க வேண்டும்.

நமக்குத் தெரிந்த மிகப் பழைய பறவைப் பாட்டுப் பதிவு 1889ஆம் ஆண்டினது. ஜெர்மனியில் லுட்விக் கோச் என்ற சிறுவன் மெழுகு உருளையில் பதிந்தது. பாடியது நம் சோலைபாடி. மலபாரின் பெயரையே அறிவியல் பெயரில் தாங்கிய பறவை. ஆனால் அது கூண்டுப் பறவை. குரல் இருந்தது, சோலை இல்லை. 1924இல் ரெஸ்பிகி தம் 'ரோமின் பைன் மரங்கள்' இசைக்கோவையின் நடுவே நைட்டிங்கேல் இசைத்தட்டை ஒலிக்க விட்டபோதும் பறவை ஓர் அணிகலனாகவே வந்தது. பாரிசில் பியர் ஷேஃபர் 1948இல் ரயில் ஓசைகளைக் கோத்து இசையாக்கினார். இடத்தை இடமாகவே விட்டுவைத்தவர் லுக் ஃபெராரி. டால்மேஷியக் கடலோர ஊர் ஒன்றின் விடியல்தான் அவருடைய 1970ஆம் ஆண்டுப் படைப்பு. அதன்பின் கனடாவின் மரே ஷேஃபரும் ஹில்டெகார்ட் வெஸ்டர்காம்பும் வந்தார்கள். வெஸ்டர்காம்ப் இந்திய ஒலிகளைக் கொண்டும் இசையமைத்தவர். நம் நாட்டில் புத்தாதித்ய சட்டோபாத்யாயின் 'எலிஜி ஃபார் பெங்களூர்' (2013) குறிப்பிடத்தக்கது.

இந்த வழியில் என்னை அதிகம் பாதித்தவர் இயற்கை ஒலிகளைப் பதிந்த பெர்னி க்ராஸ். கலிஃபோர்னியாவின் லிங்கன் மெடோ என்ற மலைப்புல்வெளியில், மரம் வெட்டுவதற்கு முன் 1988இலும் வெட்டிய பின் 1989இலும் பதிவு செய்தார். பொறுக்கியெடுத்துத்தான் வெட்டினார்கள். கண்ணுக்குக் காடு அப்படியே இருந்தது. பதிவிலோ பறவைக் கூட்டத்தின் அடர்த்தி போய்விட்டிருந்தது. படம் சொல்லாத இழப்பை ஒலி சொன்னது. இசைக்காகத் தொடங்கிய பதிவு சாட்சியமாயிற்று.

திருவனந்தபுரத்தில், இடத்தின் ஒலியைக் கேட்கும் இந்தச் செவி சினிமாவில் வாய்த்தது. அடூர் கோபாலகிருஷ்ணனின் 'கொடியேற்றம்' (1977) படத்தில் பின்னணி இசையே இல்லை. கிராமத்தின் ஒலிகளே அந்த வேலையைச் செய்கின்றன. இயக்குநரின் படம் என்று மட்டும் பேசப்படும் இதை இசைப் படைப்பாகவும் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். இந்நகரில் சட்டம் படித்துப் பின்னாளில் ஆஸ்கர் பெற்ற ரசூல் பூக்குட்டி திருச்சூர் பூரத்தை ஒலியாகப் பதிந்ததும் இந்த வழியில்தான்.

இதே நகரின் ஆரியசாலையை ஒட்டிய சாலைக் கடைத்தெருவின் வாழ்க்கையை அங்கேயே கடை வைத்திருந்த ஆ. மாதவன் தமிழ்ச் சிறுகதைகளில் எழுதி வைத்தார். அதன் ஒலிகளையும் யாராவது சேர்த்து வைக்க வேண்டும். பொன்முடி மலை ஏறும் இளைஞர்களே, காட்டையும் கடைத்தெருவையும் பதியுங்கள், கைபேசி போதும். பதிவின் தொடக்கத்தில் இடம், தேதி, நேரம் மூன்றையும் வாயால் சொல்லிவிடுங்கள். இசை சேர்ப்பதற்கு முன் மூலப் பதிவை அப்படியே ஒரு படி எடுத்து வையுங்கள்.