‘லேடீஸ் எம்டிபி’ என்று ஒன்று உண்டா? கல்வராயன் மலையில் கற்ற கணக்கு

போன டிசம்பரில் ஊருக்குப் போயிருந்தபோது கச்சிராயபாளையத்தில் டீ குடிக்க சைக்கிளை நிறுத்தினேன். பெஞ்சில் இருந்த பெரியவர் சைக்கிளை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏம்மா, இது லேடீஸ் சைக்கிளா, ஜென்ட்ஸ் சைக்கிளா?”

“ரெண்டும் இல்லைங்க ஐயா, மலைச் சைக்கிள்” என்று சிரித்துச் சமாளித்தேன். ஆனால் அந்தக் கேள்விக்குச் சரியான பதில் தெரியாமல்தான் அதற்கு இரண்டு வருடம் முன்பு முப்பதாயிரத்துக்கு மேல் தண்டம் அழுதிருந்தேன். அந்தக் கதையையும், அதற்குப் பிறகு படித்ததையும் அளந்ததையும் இங்கே எழுதி வைக்கிறேன். ரோடு பைக் ஓட்டும் பெண் யாராவது மலைச்சைக்கிள் வாங்க யோசித்துக்கொண்டிருந்தால் உதவும்.

எனக்கு என்ன தேவைப்பட்டது

சொந்த ஊர் கள்ளக்குறிச்சி. வேலை பெங்களூரில். ஏழு வருடமாக ரோடு பைக் ஓட்டுகிறேன். லீவுக்கு ஊருக்கு வந்தால் காலையில் சேலம் – உளுந்தூர்பேட்டை சாலை, இல்லாவிட்டால் கரும்பு டிராக்டர்களோடு போட்டி போட்டபடி கோமுகி அணை வரை. அணைக்கு அந்தப் பக்கம் கல்வராயன் மலை தொடங்கிவிடும். வெள்ளிமலை வரைக்கும் தார் ரோடு உண்டு, ரோடு பைக்கிலேயே ஏறலாம். ஆனால் மலைமேல் கிளை பிரிந்து சிற்றூர்களுக்குப் போகும் பாதைகள் வேறு ரகம். செம்மண், சரளை, வடகிழக்கு மழை அரித்த பள்ளம். மரவள்ளிக் காட்டையும் சாமை வயலையும் ஒட்டிப் போகும் அந்தப் பாதைகளில் 28 மில்லிமீட்டர் டயரை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். “மேடம், உங்களுக்கு லேடீஸ் மாடல்தான் செட் ஆகும்” என்று எக்ஸ்எஸ் சைஸில் ஒன்றைக் காட்டினார். நானும் 160 செ.மீ. உயரத்தை மனதில் வைத்துத் தலையாட்டினேன். மூன்று மாதத்தில் விற்றுவிட்டேன். ஏற்றத்தில் முழங்கால் ஹேண்டில் பாரை முட்டும், முன்சக்கரம் தரையை விட்டு எழும். மெத்தை மாதிரி அகலமான சீட் 30 கிலோமீட்டர் தாண்டினால் உள்தொடையைத் தேய்த்துவிடும். முன் ஃபோர்க் பள்ளத்தில் இறங்கினாலும் அசையாது, இரும்புக் கம்பி மாதிரி நிற்கும். கை மரத்துப்போனது. ‘நமக்கு மலை ஒத்துவரலை, வயசாகிடுச்சு’ என்று நானே முடிவு கட்டிவிட்டேன். இப்போது யோசித்தால் பணம் போனதைவிட அந்த முடிவுதான் பெரிய நஷ்டம். சைக்கிள் பொருந்தாததை உடம்பின் குறையாக எடுத்துக்கொண்டேன்.

லேபிள் எங்கிருந்து வந்தது

‘லேடீஸ் சைக்கிள்’ என்றால் நம் நினைவுக்கு வருவது நடுவில் பார் கம்பி இல்லாமல், வளைந்து இறங்கிய ஃபிரேம். 1880களின் இறுதியில் வந்த வடிவம் அது. பெண்களின் உடல் அளவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நீளப் பாவாடையோடு ஏறி இறங்க வேண்டும், அவ்வளவுதான் காரணம். நம் ஊரில் புடவைக்கும் தாவணிக்கும் அது அப்படியே பொருந்தியது. அது உடைக்காகச் செய்த சைக்கிள்.

உடம்புக்காகச் செய்வது என்ற பேச்சு நூறு வருடம் கழித்து வருகிறது. அமெரிக்காவில் ஜார்ஜினா டெர்ரி என்ற மெக்கானிக்கல் இன்ஜினியர் 1985இல் பெண்களுக்கான சைக்கிள் கம்பெனி தொடங்கினார். அவருடைய சைக்கிளில் முன்சக்கரம் மட்டும் 24 அங்குலம், பின்சக்கரம் வழக்கமான அளவு. பார்க்க வேடிக்கையாக இருந்தாலும் கணக்கு சரி. பெரிய முன்சக்கரத்தை வைத்துக்கொண்டு ஃபிரேமை ஓரளவுக்கு மேல் சுருக்க முடியாது, பெடலில் இருக்கும் கால் முன்சக்கரத்தில் இடிக்கும். அவர் தீர்த்தது குட்டையானவர்களின் பிரச்சினை. 155 செ.மீ. ஆணுக்கும் அதே பிரச்சினைதான். ஆனால் சந்தை அதற்கு ஒட்டிய லேபிள் ‘பெண்கள்’.

அதற்குச் சொல்லப்பட்ட விளக்கமும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்: பெண்களுக்குக் கால் நீளம், உடல் குட்டை, அதனால் ஃபிரேம் குட்டையாக வேண்டும். சராசரியை மட்டும் பார்த்தால்கூட இது விவாதத்துக்குரியது. சராசரி சரியென்றே வைத்துக்கொண்டாலும் சைக்கிள் வாங்குவது சராசரி இல்லை, ஒரு ஆள். ஸ்பெஷலைஸ்ட் கம்பெனி தன்னிடம் சேர்ந்த ஃபிட்டிங் அளவுகளைப் பார்த்துவிட்டு, ஆண் பெண் வித்தியாசத்தைவிட ஆளுக்கு ஆள் வித்தியாசம்தான் அதிகம் என்று சொல்லித் தனி ஃபிரேம் வடிவத்தைக் கைவிட்டது. எதிர்க்கட்சியும் உண்டு. ஜயண்ட் கம்பெனி 2008இல் தொடங்கிய லிவ் பிராண்டு, பெண்களுக்குத் தனி வடிவம் வேண்டும் என்பதில் உறுதியாக நிற்கிறது. இரண்டு பக்கமும் விற்பனைக்காரர்கள் என்பதை மறக்க வேண்டாம்.

இதில் எனக்குப் பிடித்த ஆள் ஜூலியானா ஃபுர்டாடோ. பனிச்சறுக்கு வீராங்கனையாக இருந்து, முழங்கால் தொந்தரவால் அதை விட்டு ரோடு பந்தயத்துக்கு வந்து, பிறகு மலைச்சைக்கிளுக்கு மாறி, 1990இல் டுராங்கோவில் உலகச் சாம்பியன் ஆனவர். பின்னாளில் சாண்டா குரூஸ் கம்பெனி அவர் பெயரிலேயே பெண்களுக்கான சைக்கிள்களை விற்றது. அவற்றின் ஃபிரேம் வடிவம்? சாண்டா குரூஸின் மற்ற மாடல்களில் இருப்பதேதான். மாறியது சீட், கைப்பிடி, வண்ணம், எடை குறைந்தவர்களுக்கு ஏற்ற சஸ்பென்ஷன் அமைப்பு. இந்தப் பட்டியலின் கடைசி வரியில்தான் உண்மையான விஷயம் ஒளிந்திருக்கிறது.

எடைதான் விஷயம்

விலை குறைந்த மலைச்சைக்கிள்களின் முன் ஃபோர்க்கில் இருப்பது சுருள் ஸ்பிரிங். பெரும்பாலும் 75, 80 கிலோ ஆளுக்கு ஏற்ற ஒரே ஸ்பிரிங். நான் 56 கிலோ. 100 மில்லிமீட்டர் ஃபோர்க் என்றால், நாம் சும்மா ஏறி உட்கார்ந்ததுமே 20, 25 மில்லிமீட்டர் அமுங்க வேண்டும். என்னுடையதில் ஒரு ரப்பர் பேண்டைக் கட்டி அளந்தேன்: 8 மில்லிமீட்டர். அதாவது சஸ்பென்ஷன் என்ற பெயரில் ஒரு கிலோவுக்கு மேல் இரும்பைச் சும்மா சுமந்துகொண்டு திரிந்திருக்கிறேன். லேபிள் ‘லேடீஸ்’, ஸ்பிரிங் ஜென்ட்ஸ்!

காற்று ஃபோர்க் இருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை. ஒரு ஷாக் பம்பை வைத்து நம் எடைக்கு ஏற்பக் காற்றைக் குறைத்துக்கொள்ளலாம். எடை குறைந்தவர் மலைச்சைக்கிள் வாங்கினால் முதல் கேள்வி “லேடீஸ் மாடல் இருக்கா?” இல்லை. “ஏர் ஃபோர்க்கா?” என்பதுதான்.

இரண்டாவது கியர். என் ரோடு பைக்கில் ஆகக் குறைந்த கியர் முன்னால் 34 பல், பின்னால் 32. பெடல் ஒரு சுற்றுக்கு 2.23 மீட்டர் போகும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 8 கி.மீ. நான், சைக்கிள், தண்ணீர் எல்லாம் சேர்த்து 67 கிலோ. 10 சதவீத ஏற்றத்தில் புவியீர்ப்பை எதிர்க்க மட்டுமே சுமார் 145 வாட் வேண்டும். 29 அங்குலச் சக்கர மலைச்சைக்கிளில் முன்னால் 32, பின்னால் 51 என்றால் ஒரு சுற்றுக்கு 1.44 மீட்டர். மொத்த எடை 72 கிலோ ஆனாலும் அதே 60 சுற்றுக்குச் சுமார் 100 வாட் போதும். வேகம் மணிக்கு 5 கி.மீ.தான், நடக்கிற வேகம். ஆனால் உட்கார்ந்தபடியே ஏறிவிடலாம். ரோடு பைக்கில் இருந்து வருபவர்கள் இந்த வேகத்துக்கு வெட்கப்படுவோம். வெட்கத்தை அணைக்கட்டிலேயே விட்டுவிட்டு ஏறுங்கள்.

ரோடு உடம்பு சொல்லும் பொய்கள்

இதுவரை லேபிளைத் திட்டினேன். என் தப்பும் இருக்கிறது. ரோடு பைக்கில் பழகிய உடம்பு மலைச்சைக்கிளைத் தவறாகத்தான் எடைபோடும்.

சைஸ் பார்க்கும்போது நாம் சீட்டுக்குக் கீழே உள்ள குழாயின் உயரத்தைப் பார்ப்போம். பார்க்க வேண்டியது ரீச்: பெடல் அச்சுக்கு நேர் மேலிருந்து ஹேண்டில் பார் குழாயின் உச்சி வரை கிடைமட்டத் தூரம். இன்றைய மலைச்சைக்கிளில் ரீச் நீளம், ஸ்டெம் குட்டை. ரோடு பைக்கில் 90 மில்லிமீட்டர் ஸ்டெம் என்றால் இங்கே 50 போதும். ஸ்டெம் நீளத்தை ரோடு கண்ணால் பார்த்து ‘குட்டையா இருக்கே’ என்று பெரிய சைஸ் வாங்குவதும் தப்பு. என்னைப் போல உயரத்தைக் கேட்டு எக்ஸ்எஸ் வாங்குவதும் தப்பு.

இறக்கத்தில் இன்னொரு பொய். வெள்ளிமலைப் பக்கம் ஒரு சரளை இறக்கத்தில், சீட்டை ரோடு பைக் உயரத்திலேயே வைத்துக்கொண்டு, உடம்பை முன்னால் சாய்த்து, வளைவுக்குள் முன் பிரேக்கை அழுத்தினேன். தார் ரோட்டில் தப்பித்து வந்த பழக்கம் அது. சரளையில் முன்சக்கரம் வழுக்கியது, முழங்கையில் நாலு தையல். சீட்டை இறக்கு, இடுப்பைப் பின்னால் தள்ளு, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறை. இந்த மூன்றும் எந்த சைக்கிளோடும் இலவசமாக வராது.

டயர் காற்றும் அப்படித்தான். ரோடு பைக்கில் 80 பிஎஸ்ஐ அடித்த கை இங்கேயும் 50 அடிக்கும். டியூப்லெஸ் டயரில் எனக்கு 20க்குக் கொஞ்சம் மேலே போதும். எடை குறைந்தவர்களுக்குக் கிடைக்கும் ஒரே சலுகை இது, விடாதீர்கள்.

புதுக்கோட்டைப் பெண்களின் விமர்சனம்

இதையெல்லாம் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்த பெருமையில் இருந்தபோது, பி. சாய்நாத் புதுக்கோட்டை பற்றி எழுதியதைத் திரும்பப் படித்தேன். 1990களின் தொடக்கத்தில், கலெக்டராக ஷீலா ராணி சுங்கத் இருந்தபோது, அறிவொளி இயக்கத்தின் பகுதியாக அந்த மாவட்டத்தில் பெண்கள் பெருங்கூட்டமாக சைக்கிள் கற்றார்கள். குவாரித் தொழிலாளர்கள், விவசாயக் கூலிகள், நர்சுகள். அவர்களில் பலர் ஓட்டியது ஜென்ட்ஸ் சைக்கிள். லேடீஸ் சைக்கிள் கடைகளில் கிடைக்காதது ஒரு காரணம். இன்னொரு காரணம்தான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது: பார் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதற்காகவே அதை விரும்பியவர்கள் இருந்தார்கள்.

இதைவிட நல்ல சைக்கிள் விமர்சனம் நான் படித்ததில்லை. கடை என்ன லேபிள் ஒட்டியிருக்கிறது என்று அவர்கள் பார்க்கவில்லை. இதை வைத்து நான் என்ன செய்யப்போகிறேன் என்று பார்த்தார்கள்.

ஆனால் லேபிளை முழுக்கத் தூக்கிப்போடவும் எனக்குத் தயக்கம் இருக்கிறது. அந்த லேபிள் இல்லாவிட்டால் சின்ன சைஸைக் கடையில் ஸ்டாக்கே வைக்க மாட்டார்கள். ‘எல்லோருக்கும்’ என்று சொல்லி மீடியமும் லார்ஜும் மட்டும் தொங்கவிட்டால், அதுவும் ஜென்ட்ஸ் சைக்கிள்தான், பெயர்தான் வேறு. அதனால் என் புகார் ‘பெண்களுக்கு’ என்று போடுவதன் மேல் இல்லை. அப்படிப் போட்டுவிட்டு, மாற்ற வேண்டிய ஸ்பிரிங்கை மாற்றாமல் வண்ணத்தை மட்டும் மாற்றுவதன் மேல்.

கடைசியில் வாங்கியது

பழைய சைக்கிள் ஒன்று. ஸ்மால் சைஸ், 29 அங்குலச் சக்கரம், காற்று ஃபோர்க், ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக். லேபிளில் ஆண் பெண் எதுவும் இல்லை. 760 மில்லிமீட்டர் ஹேண்டில் பாரை இரண்டு பக்கமும் 30 மில்லிமீட்டர் அறுத்தேன். பிரேக் லீவரை என் விரல் எட்டும்படி உள்ளே திருகினேன். ரோடு பைக்கில் பழகிய அதே 143 மில்லிமீட்டர் சீட்டைக் கழற்றி மாட்டினேன். முதல் ஆறு மாதம் ஷூவைப் பூட்டாமல் தட்டைப் பெடல். இவ்வளவுதான் என் ‘லேடீஸ் மாடல்’. வீட்டிலேயே செய்தது.

டீக்கடைக்குத் திரும்பி வருகிறேன். அன்று பெரியவருக்குப் பக்கத்தில், பள்ளிச் சீருடையில் ஒரு பெண் தன் அரசாங்க சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். கியர் இல்லாத சைக்கிள். ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ள வேண்டியதுதான்.

“அக்கா, இதுல மேட்டுல தள்ளாம ஏறலாமா?”

பெரியவர் கேட்டது லேடீஸா ஜென்ட்ஸா என்று. அவள் கேட்டதுதான் சரியான கேள்வி. சீட்டை அவள் உயரத்துக்கு இறக்கிக் கொடுத்தேன். டீ ஆறும்வரை ஓட்டிவிட்டு வந்தாள்.