நாணமும் அச்சமும்: தாழ்ந்த விழிகளைப் படித்தல்

தலை குனிந்து நிற்கும் பெண், தரையைக் கீறும் கால்விரல்: இவ்வருணனையைக் கதைகளில் படித்துச் சலிக்காதவர் நம்மில் இரார். பெண் கண் தாழ்த்தினால் நாணம் என்கிறோம். மாணவன் தாழ்த்தினால் பணிவு. தோட்டத் தொழிலாளி துரையின் முன் தாழ்த்தினால் அடக்கம். மூவரும் ஒன்றையேதான் உணர்கின்றனரா என்று கேட்பது திறனாய்வின் கடமை.

தொல்காப்பியர் கேட்டிருக்கிறார். மெய்ப்பாட்டியலில் அச்சத்தை எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக வைத்தவர், நாணுதலை அவற்றினின்று பிரித்து வேறு முப்பத்திரண்டனுள் சேர்த்தார். அச்சம் பிறக்கும் இடங்களையும் நான்காக வகுத்தார்: அணங்கு, விலங்கு, கள்வர், தம்மை ஆளும் இறை. ஆளுவோனைக் கள்வனோடும் விலங்கோடும் ஒரே வரிசையில் நிறுத்திய துணிவு வியக்கத்தக்கது. வகுப்பில் இந்நூற்பாவை மனப்பாடம் செய்வித்துக் கடந்துவிடுகிறோம்.

வள்ளுவர் இன்னும் நுட்பமாகச் செல்கிறார். திருக்குறளில் இருமுறை வரும் அதிகாரத் தலைப்பு 'குறிப்பறிதல்' ஒன்றே. பொருட்பாலில் அமைச்சன் பிறர் உள்ளத்தைக் கண்வழி அறிகிறான். இன்பத்துப்பாலில் காதலன் அறிகிறான். அக்காதலி அவன் பார்க்கும்போது நிலத்தைப் பார்க்கிறாள். அவன் பாராதபோது அவனைப் பார்த்து மெல்லச் சிரிக்கிறாள். இக்குறளை நாணத்திற்குச் சான்றாக மட்டும் காட்டுவது பாதி விளக்கமே. அவளுடைய விழி ஓடி ஒளியவில்லை. தனக்குரிய நேரத்தைத் தானே தேர்ந்துகொள்கிறது. நாணத்தின் இயல்பு இது. அஞ்சுகின்றவனுக்கோ இத்தேர்வு இல்லை. எதிரே நிற்பவர் முகம் திருப்பினாலும் அவன் விழி எழுவதில்லை.

கம்பனும் இவ்வழியிலேயே செல்கிறான். வில் முறியுமுன் மிதிலையில் இராமனும் சீதையும் ஒருவரையொருவர் நோக்கும் காட்சி வான்மீகத்தில் இல்லை. அதைப் புதிதாகப் படைத்த கம்பனுக்கு, சீதையின் நேர்நோக்கு அவளுடைய நாணத்திற்கு இழுக்காகத் தோன்றவில்லை.

நம் நாட்டு வரலாற்றிலிருந்தும் ஒரு சான்று உண்டு. 1941-இல் கிளாங் வட்டாரத் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். கூலி உயர்வு, மருத்துவ வசதி, பெண்களுக்குப் பாதுகாப்பு, கள்ளுக்கடை ஒழிப்பு ஆகியவற்றோடு வேறொன்றையும் கேட்டனர்: துரைமாரும் தோட்ட அலுவலரும் எதிர்ப்பட்டால் மிதிவண்டியை விட்டு இறங்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும். வயிற்றுக்கான கோரிக்கைகளுக்கு நடுவே இஃது ஏன் இடம்பெற்றது? வண்டியிலிருந்து இறங்குவதும் விழியைத் தாழ்த்துவதும் ஒரே ஒழுங்கின் இரு பகுதிகள். அரசு படையைக் கொண்டு போராட்டத்தை அடக்கியது. அத்தொழிலாளியின் குனிந்த தலையை 'அடக்கம்' என்று எழுதும் கதாசிரியர், அறியாமலே துரையின் பக்கம் நின்றுவிடுகிறார்.

இது பழங்கதை அன்று. 1972-இல் பினாங்கின் பாயான் லெப்பாஸில் தடையற்ற வாணிக வட்டாரம் தொடங்கியது. அதையொட்டிப் பாயான் பாரு நகரம் எழுந்தது. பால்மரக் காட்டை விட்டு வந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் தொழிற்சாலை வாயில் திறந்தது. அவ்வாயிலில் நிற்பது நேர்முகத் தேர்வு. (பெயரிலேயே முகத்தை நேராக வைக்கச் சொல்லிவிட்டார்கள்!) விடை தெரிந்தும் மேசையைப் பார்த்துப் பேசுகிறவனை, விடை தெரியாதவன் என்றோ எதையோ மறைப்பவன் என்றோ தேர்வாளர் எண்ணிவிடக்கூடும். மலாய்க்காரரிடையிலும் பெரியவரை உற்றுப் பார்ப்பது மரியாதை அன்று. ஆகவே இத்தயக்கம் தமிழருக்கு மட்டும் உரியதன்று. ஆயினும் நம் பிள்ளையின் தயக்கத்தில் தோட்டத்து அச்சம் எவ்வளவு, இயல்பான நாணம் எவ்வளவு என்று பிரித்தறிய வேண்டியவர் தமிழாசிரியரே.

நாமோ பிள்ளைகளைக் குழப்புகிறோம். கேள்வி கேட்கும்போது, "நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சொல்" என்கிறோம். கண்டிக்கும்போது அதே பிள்ளை நிமிர்ந்து பார்த்தால், "என்ன முறைக்கிறாய்?" என்கிறோம். அது நாணத்தையும் கற்பதில்லை, துணிவையும் கற்பதில்லை. ஆசிரியரின் மனநிலையை அளக்க மட்டுமே கற்கிறது.

கதை நடத்தும் வகுப்பில் ஒரு பயிற்சியைச் செய்து பார்க்கலாம். பாத்திரம் கண் தாழ்த்தும் இடத்தில் வாசிப்பை நிறுத்தி, எதிரில் இருப்பவர் திரும்பிக்கொண்டால் அக்கண்கள் என்ன செய்யும் என்று மாணவரைக் கேட்கலாம். 'எழும்' என்பவரும் 'எழா' என்பவரும் தத்தம் காரணத்தைக் கதையிலிருந்தே எடுத்துக்காட்ட வேண்டும். எடுத்துக்காட்ட ஒரு வரியும் கிடைக்கவில்லையாயின், கதாசிரியர் அந்தக் கண்களைப் பார்க்கவே இல்லை என்று மாணவர் எழுதட்டும். அதற்கும் மதிப்பெண் கொடுக்கலாம்.